காதில் சொல்லும் பெயர்

"ஃப்ளூ ஊசி போட்டவங்கதான் பிள்ளையைத் தூக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க மாமா" என்று மருமகள் சொன்ன அன்று குற்றாலலிங்கம் ஊர் கேட்கக் கத்தினார். "எங்க வம்சத்து மூச்சுல விஷமா இருக்கு? ஊசி போட்டவன்தான் காய்ச்சல்ல படுக்கான். நான் போட மாட்டேன்." அந்தச் சந்தேகம் நடிப்பில்லை, உள்ளூர அவருக்குப் பயமே இருந்தது. ஆனாலும் மறுவாரம் யாரிடமும் சொல்லாமல் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். காய்ச்சல் வரவில்லை. அது இன்னும் அவமானமாக இருந்தது.

பேரனுக்குப் பெயர் வைக்கும் நாளில், சம்பந்தி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மருமகள் வந்து நின்றாள். "போட்டாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா, போதும். நீங்கதான பிள்ளை காதுல பேர் சொல்லணும்?"

"சொன்ன சொல்லு மாறுற குடும்பமில்ல எங்களுது."

உள்ளே சம்பந்தி பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். "என்ன பேரு சம்பந்தி? சத்தமாச் சொல்லுங்க!"

குற்றாலலிங்கம் தம் தகப்பனார் பெயரைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். உள்ளே அந்தப் பெயர் மூன்று முறை, இன்னொருவர் வாயால், வாசலுக்குக் கேட்காத அளவு மெதுவாகச் சொல்லப்பட்டது.