தேய்ந்துபோன மூன்றாம் பட்டை

இக்கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் பள்ளியின் இசை ஆசிரியை எஸ்தர் ஞானமணி.

ஒரு கிதாரின் கழுத்தில் இருபது உலோகப் பட்டைகள் வரிசையாகப் பதிந்திருந்தன. மூன்றாம் பட்டையை ஒட்டி விரல் அழுத்தும்போதெல்லாம் தடித்த தந்தி அடுத்த பட்டையில் உரசிக் கரகரத்தது.

“அடேய் நாலாமவனே, நான் பாடும்போது ஏன் தலையை நீட்டுகிறாய்?” என்று தந்தி சீறியது.

“என்னைப் பதித்த உயரத்தில்தான் இருக்கிறேன். மூன்றாமவர்தான் தாழ்ந்துவிட்டார்,” என்றது நான்காம் பட்டை.

மூன்றாம் பட்டை மறுக்கவில்லை. எல்லாப் பாட்டுக்கும் விரல் அங்கேயே வந்து நின்றதால் அது தேய்ந்திருந்தது. “நாளை பழுதுபார்ப்பவர் வந்து என்னைப் பிடுங்கி எறிந்துவிடுவார்,” என்றது மெல்ல.

விரலே படாத பன்னிரண்டாம் பட்டை புதுக்கருக்கு மாறாமல் மின்னிக்கொண்டிருந்தது. “உம்மை எறிந்துவிட்டுப் பாட்டறியாத என்னை வைத்துக்கொள்வதா? அரம் வரட்டும். நாங்கள் பத்தொன்பது பேரும் உம் உயரத்துக்கு இறங்குகிறோம்,” என்றது.

“ஐயோ, கூசுமே!” என்றது இருபதாம் பட்டை.

“கூசினால் சிரித்துக்கொள்!”

மறுநாள் பழுதுபார்ப்பவர் பட்டையைப் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தார். எதற்கும் பார்ப்போம் என்று அரத்தை ஒருமுறை ஓட்டினார். பத்தொன்பதும் முரண்டு பிடிக்காமல் ஒரே சீராக இழைந்தன. குறடு பெட்டிக்குத் திரும்பியது.

அன்று மாலை தந்தி மணிபோல் ஒலித்தது.

“எனக்காக எவ்வளவு இழந்தீர்கள்?” என்று மூன்றாம் பட்டை கேட்டது.

“எங்களுக்காக நீர் தேய்ந்த அளவுதான்,” என்றது பன்னிரண்டாம் பட்டை. “ஒரு தாளின் கனம்.”