ஹாஜா மைதீன் விற்ற வண்டி

"முதல்லயே சொல்லிடுறேங்கக்கா, வண்டியை விக்கிறதா இல்ல" என்றான் ஜோஸ்வா. ஆட்டோவிலிருந்து இறங்கிய சைத்தூன் பீவி இன்னும் வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை.

பாபநாசத்தில், அவன் வீட்டு நெல் கொட்டகையில் நின்றது அந்தப் பழைய மிலிட்டரி பைக், பக்கத்தில் ஆள் உட்காரும் சைடு காரோடு. ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் பழைய வண்டிகளின் கண்காட்சி. வண்டி யார் யார் கைமாறி வந்தது என்று அங்கே சொல்லியாக வேண்டும். 'தெரிந்தவர்கள் சொல்லுங்கள்' என்று படத்தோடு வாட்ஸப்பில் போட்டிருந்தான்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் ராஜகிரியிலிருந்து வந்திருக்கிறார் இந்த அம்மாள். அப்பாவுக்கு இந்த வண்டியை விற்ற ஹாஜா மைதீனின் மகள், ஐம்பதைத் தாண்டியவர். 'எங்க அத்தா வண்டி, எனக்கே குடு' என்று நின்றால் என்ன செய்வது?

"கேக்க வரல தம்பி. பாத்துட்டுப் போகலாம்னுதான்."

ஜோஸ்வாவுக்கு உயிர் வந்தது. தெரிந்ததையெல்லாம் மடமடவென்று சொன்னான். உலகச் சண்டை முடிந்ததும் வெள்ளைக்காரப் பட்டாளம் இதைத் திருச்சியில் ஏலம் விட்டது. எடுத்தவர் ஒரு ரைஸ்மில்காரர். அவரிடமிருந்து ஹாஜா மைதீன், அவரிடமிருந்து ஜோஸ்வாவின் அப்பா.

"ஒண்ணுதான் புரியலக்கா. உங்க அத்தா இதைத் தங்கமாட்டம் வச்சிருந்தாராம். திடீர்னு ஏன் தள்ளிவிட்டாரு? சாவியைக்கூட ஆள்கிட்ட குடுத்தனுப்பினாராம். அப்புறம் எங்க தெருப்பக்கமே வரலைன்னு அப்பா சொல்லுவாரு."

சைத்தூன் பீவி பளபளவென்று தேய்த்து வைத்திருந்த பைக்கை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"இதுல கொஞ்சம் உக்காந்துக்கவா?" என்று சைடு காரைக் காட்டினார்.

"தாராளமா உக்காருங்க."

மெல்லக் காலை எடுத்து வைத்து உள்ளே இறங்கினார். முழங்காலை மடக்கி, உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஜோஸ்வாவுக்குச் சிரிப்பு வந்தது.

"சின்னப்புள்ளையில இதுல நல்லா சுத்தியிருப்பீங்க, இல்லக்கா?"

"ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கேன். ஞாபகமில்ல."

கை சீட்டைத் தடவிக்கொண்டிருந்தது. "இது புதுசா?"

"ஆமாக்கா" என்றான் பெருமையாக. "பழசு பூரா ஏதோ கறை. என்ன போட்டுத் தேய்ச்சும் போகல. போன வாரம்தான் களத்துல போட்டுக் கொளுத்தினேன்."

தடவிய கை அப்படியே நின்றுவிட்டது. முக்காட்டின் நுனியை வாயில் அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

ஜோஸ்வா பதறிப்போனான். "அக்கா, நான் ஏதும் தப்பா சொல்லிட்டேனா?"

இல்லை என்று தலையசைத்தார்.

"ஐப்பசி மழை தம்பி. அம்மாவுக்கு வலி கண்டுடுச்சு. வேற வண்டி கெடைக்கல. இதுல வச்சுத்தான் அத்தா கும்பகோணம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கிட்டுப் போனாரு."

"நல்லபடியா போய்ச் சேந்தாங்களா?"

"இதுக்குள்ளேருந்து உசுரோட எடுத்தது என்னை மட்டுந்தான் தம்பி."