உட்காரு, ஏமோஸ்

"அந்தப் பையனை யாராவது கையைப் பிடிச்சு உட்கார வைங்களேன்" என்றாள் மார்லீன், முன்வரிசை முழுக்கக் கேட்கும்படி.

அந்தப் பையன் ஏமோஸ். நான்காம் ஆண்டு மாணவன். போன வாரம் வரைக்கும் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குக் குவார்ட்டர்பேக் அவன்தான். பந்து கைக்கு வந்ததும் ஓடுவதா, எறிவதா, யாருக்கு எறிவது என்று கண்மூடித் திறப்பதற்குள் முடிவெடுக்க வேண்டிய இடம் அது.

இன்றைக்கு அந்த இடத்தில் நிற்பது மார்லீனின் மகன் வெஸ்லி. கல்லூரியில் முதல் வருஷம். களத்தில் முதல் ஆட்டம். இவன் சொதப்பினால் அடுத்த சனிக்கிழமை இடம் பழையபடி ஏமோஸுக்கே போய்விடும் என்று ஊரே பேசிக்கொண்டது. மார்லீனுக்குக் காலையிலிருந்து ஒரு வாய் காபிகூட இறங்கவில்லை.

அரங்கத்தில் காது கிழிகிற சத்தம். வாயால் சொன்னால் களத்தில் யாருக்கும் கேட்காது. அதனால், ஒவ்வொரு முறையும் அடுத்து என்ன ஆடவேண்டும் என்பதைக் கோச் பிரான்ட் கோட்டோரம் நின்று கை ஜாடையில் காட்டுவார். விரலை மடக்குவார், தோளைத் தட்டுவார். எல்லாம் ஒரு பெரிய மனிதர் செய்கிற மாதிரிதான் இருந்தது.

பக்கத்தில் நின்ற ஏமோஸ்தான் கூத்தடித்தான். தலையில் தட்டிக்கொண்டான். வயிற்றைச் சொறிந்தான். கோழி மாதிரி இரண்டு கையையும் விலாவில் அடித்துக்கொண்டான்.

வெஸ்லியோ கோச்சை விட்டுவிட்டு அவனையே பார்த்துத் தொலைத்தான்.

"பார்த்தீங்களா? வேணும்னே என் பிள்ளை கவனத்தைக் கலைக்கிறான். இவன் தோத்தா அவனுக்குத்தானே கொண்டாட்டம்."

கணவர் கர்ட் ஹாட் டாக்கிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சின்னப் பசங்க அப்படித்தான் இருப்பாங்க, விடு."

விடுகிற ஆளா மார்லீன்?

இதே கோச் போன வருஷம் அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, இரண்டு துண்டு ஆப்பிள் கேக்கைக் காலி செய்துவிட்டு, ஒரு பெரிய பேச்சுப் பேசினார். எங்கள் கல்லூரியில் குவார்ட்டர்பேக்கை வெளியிலிருந்து பிடித்து வருவதில்லை, நாங்களே வளர்க்கிறோம், மூத்தவன் இளையவனைக் கை தூக்கி விடுவான் என்றார். அதை நம்பித்தான் மகனை அனுப்பினாள். இப்போது அவர் மூக்குக்கு முன்னாலேயே மூத்தவன் கோழி நடனம் ஆடுகிறான், மனிதர் கண்டும் காணாதது மாதிரி நிற்கிறார்.

இடைவேளையின்போது வெஸ்லியின் அணி பின்தங்கியிருந்தது. மார்லீனுக்குப் பொறுக்கவில்லை. இடைவேளை முடிந்து எல்லோரும் களத்துக்கு வந்ததும் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள்.

"உட்காரு, ஏமோஸ்! உன் காலம் முடிஞ்சு போச்சு, என் பிள்ளையை ஆட விடு."

பின்வரிசைக்காரர்களுக்கு இது பிடித்துப்போனது. இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். பிறகு பத்துப் பேர். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்து அரங்கமே தாளம் போட்டுக் கத்தியது. உட்காரு, ஏமோஸ். உட்காரு, ஏமோஸ்.

ஏமோஸ் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். காதெல்லாம் சிவந்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். எதிர்ப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு மறுபடியும் களத்தைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

"திமிரைப் பாரு" என்றாள் மார்லீன்.

கடைசி நிமிஷம். இன்னும் ஒரு முறை பந்து எல்லைக்குள் போய்ச் சேர்ந்தால் வெற்றி. கோச் தோளைத் தட்டினார். ஏமோஸ் இரண்டு முழங்காலிலும் அறைந்துகொண்டு, ஒரு சுற்றுச் சுற்றி நின்றான். வெஸ்லி பந்தை வாங்கினான், இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்தான், ஆளே இல்லாத மூலையைப் பார்த்து எறிந்தான். எங்கிருந்தோ ஓடிவந்த அவன் அணிக்காரன் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான்.

மார்லீன் அழுதாள், சிரித்தாள், முன்பின் தெரியாதவர்களையெல்லாம் கட்டிப்பிடித்தாள். வியர்வையும் புல்லுமாகத் தடுப்புக்கு வந்த மகனின் கன்னத்தைத் தடவினாள்.

"அந்தக் கிறுக்கன் அவ்வளவு ஆட்டம் காட்டியும் ஜெயிச்சுட்டியேடா ராஜா."

வெஸ்லியின் முகம் மாறியது. "மெதுவாப் பேசும்மா. அவன் காட்டினதுதான் நிஜ ஜாடை. கோச் காட்டினது அத்தனையும் சும்மா. எதிர் டீம்ல ரெண்டு பேர் கோச் கையையே வெறிச்சுப் பார்த்து, அடுத்து என்ன ஆடப்போறோம்னு கண்டுபிடிக்கப் பார்த்துட்டிருந்தாங்க."

மார்லீன் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்ப நான் அவ்வளவு கத்தினப்போ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவன்."

"சொன்னா அவங்களுக்கும் தெரிஞ்சிடாதா? எனக்குக் கை காலெல்லாம் உதறுதுன்னு நேத்து அவன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். உடனே கோச்கிட்டப் போய், ஜாடை காட்டற வேலையை எனக்குக் கொடுங்க, பையன் என் கையைப் பார்த்தா பயப்படமாட்டான்னு அவனாக் கேட்டு வாங்கியிருக்கான்."

அந்த நேரம் பார்த்து ஏமோஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டே அந்தப் பக்கமாக வந்தான். மார்லீனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் தடுப்பைத் தாண்டிக் கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏமோஸ், நான் வந்து... என்னை மன்னிச்சு..."

அவன் முடிக்க விடவில்லை. அவள் காதருகே குனிந்தான்.

"அதெல்லாம் விடுங்க மேடம். அடுத்த சனிக்கிழமையும் இதே வரிசைக்கு வந்து என்னைத் திட்டணும், சரியா? இன்னிக்கு நீங்க போட்ட சத்தத்துல, எதிர்ப்பக்கத்துல ஒருத்தன்கூட என்னை ஒரு ஆளா மதிச்சுப் பார்க்கலை."