இரண்டாவது சுஃபியான்

"உண்மையைச் சொல்லிட்டு எழுந்து வந்துரலாம், மாமு. மூணாவது வூட்லயும் அசிங்கப்பட என்னால ஆவாது."

ராயபுரம் போகும் ஆட்டோவில் சுஃபியான் நண்பன் ஃபவாஸிடம் புலம்பினான். சுஃபியான் எண்ணூரில் கிரேன் ஓட்டுகிறவன். இப்போது பெண் பார்க்கப் போகிறான்.

பேஜாரெல்லாம் ஏரியா முஸ்லிம் சங்கத்து வரன் பட்டியலால் வந்தது. முந்நூறு மாப்பிள்ளைகளும் ஒரே நீள ஃபைலில். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஒரு ஹேஷ் குறி. ஒருவருடைய லிங்க்கைத் தொட்டால், அந்தப் பெயர் முதலில் வரும் இடத்தில் போய் நிற்கும். ஆனால் சுஃபியான்கள் இரண்டு பேர். மேலே இருப்பவர் துபாய் இன்ஜினீயர். இவன் லிங்க்கைத் தொட்டாலும் அந்தப் புண்ணியவானிடம்தான் போய் நிற்கும்.

போன இரண்டு வீட்டிலும், "துபாய்ல எந்த ஏரியா?" என்று கேட்டுவிட்டு, விஷயம் தெரிந்ததும் வழியனுப்பி வைத்தார்கள்.

"சங்கத்துல சொன்னியா?" என்றான் ஃபவாஸ்.

"நாலு தபா எழுதிக் குடுத்தேன். யாரும் கண்டுக்கல. அம்மா இந்த வூட்டுக்கும் அதே லிங்க்கை அனுப்பிக்கீது!"

பெண்ணின் அப்பா கலீலுல்லா வாசலிலேயே கையைப் பிடித்து வரவேற்றார். கதவோரம் நின்ற மகள் தாஹிராவை ஒரே ஒரு தரம் பார்த்தான் சுஃபியான். பார்த்திருக்கவே கூடாது. இந்த இடமும் கை நழுவிப் போகிறதே என்று இருந்தது.

சமோசாவைத் தொடாமலே சொன்னான்: "மாமா, நீங்க படிச்ச சுஃபியான் நான் இல்ல. அவரு துபாய்ல கீறாரு. நான் எண்ணூர்ல கிரேன் ஓட்டிக்கினு கீறேன். கொஞ்சம் கீழ தள்ளிப் பாருங்க."

கலீலுல்லா போனைத் தள்ளிப் பார்த்தார். முகம் தொங்கிப் போயிற்று.

"யா அல்லா, ஊரெல்லாம் துபாய்னு சொல்லிட்டேனேப்பா!"

சுஃபியான் எழுந்தான். ஃபவாஸ் வாயிலிருந்த சமோசாவோடு எழுந்தான்.

"உக்காருங்க," என்றாள் தாஹிரா. "நான் சரின்னு சொன்னது கிரேன்காரருக்குத்தான், அத்தா."

கலீலுல்லாவுக்குக் கோபம் வந்தது. "ஏம்மா, சங்கத்துல அந்த லிஸ்டை டைப் அடிக்கிறதே நீதானே? இந்தத் தப்பு உன் கண்ணுல படலியா?"

"ஆறு மாசம் முன்னாடியே பட்டுச்சு." தாஹிரா சுஃபியானைப் பார்த்துச் சிரித்தாள். "சரி பண்ணியிருந்தா, வேற எவளாச்சும் இவரைக் கொத்திக்கினு போயிருப்பாளே!"