கோட்டை வாசலுக்கு அப்பால்

அமெரிக்காவில், பார்சிப்பனியில் பனி கொட்டுகிறது. என் மகளின் மாமனார் நகுலேஸ்வரன், வீட்டு பேஸ்மென்டில் ட்ரெட்மில்லின் மேல் ஏறி நின்று, ஐரோப்பாவின் பழைய நகரமொன்றைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எதிரே தொலைக்காட்சியில் கருங்கல் சந்துகள் வளைந்து வளைந்து வருகின்றன. மணிக்கூண்டில் பட்ட மஞ்சள் வெயில் அவருடைய வழுக்கையிலும் விழுகிறது. ரிமோட் அவர் பொக்கற்றுக்குள். எனக்கு ஒரு மடக்குக் கதிரை. இந்தக் குளிர்காலம் முழுக்க இதே நகரம்தான். எண்ணூறு வருடத்துக் கோட்டை வாசல் நெருங்கி, என் கழுத்து நீளத் தொடங்கியதும், வேண்டுமென்றே நிறுத்திவிடுவார். அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாமல் எனக்கு நித்திரை இல்லை. ஊர் திரும்ப நாளைக்கு எனக்கு விமானம். இதோ, வாசல் வருகிறது. அவர் கை பொக்கற்றுக்குள் போகிறது.

"அங்காலை ஒரு பிள்ளையார் கோயில் இருக்கு, சம்மந்தி," என்கிறேன்.

"உந்த ஊரிலையோ? சும்மா புளுகாதேயும்."

"கப்பலிலை வேலை செய்யேக்கை அங்கை தேங்காய் உடைச்சனான். ஐயர் எங்கடை கரவெட்டி ஆள்."

"உம்முடைய புளுகை இண்டைக்குப் பிடிக்கிறன்!"

கை வெறுமையாக வெளியே வருகிறது. மூச்சு வாங்க வாங்க நடக்கிறார். இயந்திரம் முனகுகிறது. வாசலின் இருட்டு அவர் முகத்தைக் கடந்து போக, அப்பால் நல்ல வெயிலில் ஒரு கார் பார்க்கிங் விரிகிறது.

"எங்கை காணும் பிள்ளையார்?" என்று பல்லைக் கடிக்கிறார்.

ஒவ்வொரு காராக அவசரமில்லாமல் ஆறுதலாகப் பார்த்து முடிக்கிறேன்.

"காரிலை ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள் போலை," என்று கதிரையை மடக்குகிறேன்.