பொன்சியானோ புதைந்த தூண்

மான்டெரே நகரத்து பெர்லாங்கா இரும்புக் கட்டடக் கம்பெனியின் வரலாற்றை, அதை ஆரம்பித்த எவாரிஸ்தோ பெர்லாங்கா ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் தன் வாயாலேயே சொல்வார். வருஷத்துக்கு வருஷம் அதில் அவருடைய வீரம் கொஞ்சம் கூடும்; கூட்டாளி பொன்சியானோ லியால் கொஞ்சம் குறைவார். எவாரிஸ்தோவுக்கு எண்பத்தைந்து வயதானபோது வரலாற்றில் பொன்சியானோவே இல்லை.

நிஜத்திலும் இல்லை. முதல் ஷெட்டுக்குக் கூரை ஏறிய வாரம் காணாமல் போனவர், ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் திரும்பவில்லை. அவர் எங்கே என்று கேட்டால் அந்தப் பேட்டையில் பால் மணம் மாறாத பிள்ளைகூடச் சொல்லும்: முதல் ஷெட்டின் மூலைத் தூணுக்கு அடியில்.

எவாரிஸ்தோ மறுத்ததில்லை. அந்தத் தூணருகே ஓர் ஆணி அடிக்கக்கூட யாரையும் விட்டதுமில்லை. ஊர் அதையும் ஒரு தகுதியாகவே எடுத்துக்கொண்டது. நரபலி கொடுத்துக் கட்டினவன் கட்டடம் அசையாது என்று நம்பி ஆர்டர் கொடுத்தவர்களும் உண்டு.

பொன்சியானோவின் தங்கை ஓஃபெலியா மட்டும் ஆண்டு விழாவுக்குத் தவறாமல் வருவாள். தூணடியில் பூ வைத்து அழுவாள். எவாரிஸ்தோவின் வம்சத்தைச் சபிப்பாள். தணலில் வாட்டிய ஆட்டுக்குட்டியை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போவாள்.

இந்த வருஷம் எவாரிஸ்தோவின் மகள் கிரிசெல்தா, இப்போது கம்பெனியை நடத்தும் இன்ஜினியர், பெரிய கிரேன் வைப்பதற்காக மூலைத் தூணை எடுக்க முடிவு செய்தாள்.

"என் பொணத்து மேலதான் அந்தத் தூணத் தொடணும்!" என்று குதித்தார் கிழவர்.

"உங்க பொணமா, அவர் பொணமாப்பா?"

கிழவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பிறந்ததிலிருந்து ஊர்ப்பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்த கிரிசெல்தாவுக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. நேரே ஓஃபெலியா வீட்டுக்குப் போனாள்.

"அத்தை, போலீஸக் கூட்டிட்டு வாங்க. தோண்டிடலாம். இதுக்கு மேல என்னால அந்த ஷெட்டுக்குள்ள நடக்க முடியாது."

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் தமேஸ் கோர்ட் உத்தரவோடு வந்து நின்றார். கான்கிரீட் உடைக்கும் மெஷினைப் பார்த்ததும் கிழவர் ஓடிவந்து தூணைக் கட்டிக்கொண்டார்.

"தோண்டாதீங்க! ஒத்துக்கறேன். நான்தான் கொன்னேன்!"

ஓஃபெலியா நெஞ்சில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இங்கயா பொதைச்சீங்க?" என்றார் தமேஸ்.

"ஆத்துல போட்டேன். வெள்ளம் அடிச்சிட்டுப் போயிடுச்சு. இங்க ஒண்ணுமே இல்ல. என்னைக் கூட்டிட்டுப் போங்க, தம்பி. விலங்கு வேணும்னாலும் போடுங்க."

"அவசரம் என்ன? வயசாச்சுன்னா எதை எங்க வெச்சோம்னு மறந்துபோகும்" என்ற தமேஸ், மெஷின்காரருக்குக் கை காட்டினார்.

மெஷின் ஒரே இடியில் கைப்பிடி வரை உள்ளே இறங்கிவிட்டது. மெஷின்காரர் தடுமாறிக் குப்புற விழுந்தார்.

கிரிசெல்தா மண்டியிட்டுக் குழிக்குள் கையை விட்டுத் துழாவினாள். உள்ளங்கை கனத்துக்கு ஒரு சிமெண்ட் பூச்சு. அதற்குக் கீழே ஆற்று மணல், கூழாங்கல், உடைந்த செங்கல், யாரோ குடித்துப் போட்ட பியர் பாட்டில்கள். எலும்பு இல்லை. அஸ்திவாரத்தில் இருக்க வேண்டியதும் இல்லை.

"அப்பா, அஸ்திவாரத்துக் கம்பி எங்க?"

"அப்போ இரும்பு விலை ஜாஸ்திம்மா" என்றார் இரும்புக் கம்பெனி முதலாளி.

"அப்ப என் அண்ணன்?" என்று எழுந்தாள் ஓஃபெலியா.

"இதப் பாத்துட்டு, 'இதுல என் பேர் வேணாம்'னு சட்டைய மாட்டிக்கிட்டு எல்லை தாண்டி டெக்சாஸ் பக்கம் போயிட்டான். அவன் எப்பவுமே ஒரு பயந்தாங்கொள்ளி."

ஓஃபெலியாவின் முகத்தில் ஐம்பது வருஷத்துத் துக்கம் கோபமாக மாறச் சில விநாடிகளே ஆயின. "ஒரு கடுதாசி போடக் கையா உடைஞ்சு போச்சு அந்தக் கடன்காரனுக்கு? எத்தனை பூ வாங்கியிருப்பேன்!"

தமேஸ் குழியைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். பிறகு எல்லோரையும் மெதுவாக, சத்தம் போடாமல், வாசலுக்கு நடக்கச் சொன்னார்.

வெளியே வெயிலில் நின்று கிரிசெல்தா கேட்டாள்: "இந்த மாதிரி எத்தனைப்பா?"

"முதல் கட்டடம் நல்லாத்தானேம்மா நின்னுச்சு? அதான் அதே முறையிலயே..." கிழவர் கையை வீசி வடக்கையும் தெற்கையும் ஒருசேரக் காட்டினார். அந்த வீச்சில் கிடங்குகள், ஆலைகள், ஒரு திருமண மண்டபம், தமேஸின் போலீஸ் ஸ்டேஷன் எல்லாமே அடங்கின.

தமேஸுக்கு ஒரு விஷயம்தான் பிடிபடவில்லை. "பெரியவரே, இத மறைக்கவா செய்யாத கொலைய ஒத்துக்கிட்டீங்க?"

"கொலைக் கேஸ் எப்பவோ காலாவதி ஆயிடுச்சுன்னு வக்கீல் சொல்லிட்டார், தம்பி. ஆனா கட்டடத்துக்கெல்லாம் நான் ஆயுசுக்கும் கேரண்டி குடுத்துத் தொலைச்சிருக்கேன்!"