கரியால் வரைந்த சர்வகலாசாலை

"லோரி சத்தம் கேக்குது. தரையக் கழுவிடு, வேணி."

சொல்லிவிட்டு ராஜரத்தினம் சட்டையைக் கழற்றி எறிந்தான். மம்பட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத்து மரவள்ளிப் பாத்தியில் போய் நின்றான்.

கமலவேணி தண்ணீர் வாளியைத் தூக்கினாள்.

முன்னறையின் சிமெண்டுத் தரை முழுக்கப் புருசன் கரியால் வரைந்த சர்வகலாசாலை விரிந்து கிடந்தது.

மலாயாவில் அப்படி ஒன்று இன்னும் கிடையாது. சண்டை முடிந்த பிறகு வரும் என்பான். புக்கிட் காதில் என்ற ஊருக்குப் பக்கத்துச் சரிவில் வரும். மொட்டைக் கூரை போட்ட நீள நீளமான கட்டடங்கள், உருண்டைத் தூண்களின் மேல் தரையை விட்டு எழும்பி நிற்கும். அடியில் காற்று போகும், பிள்ளைகள் போவார்கள், மழைத்தண்ணீர்கூடத் தன் பாட்டுக்குப் போகும். சன்னல்களுக்கு வெளியே வெயிலைத் தடுக்கச் செங்குத்தான சிமெண்டுப் பலகைகள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு நனையாமல் போகக் கூரை போட்ட நடைபாதை. மதில் கிடையாது. பூட்டுவதற்கு இரும்புக் கேட்டும் கிடையாது.

சப்பான்காரன் வருவதற்கு முன்னால் ராஜரத்தினம் கட்டட ஆபீசில் பிளான் வரைகிறவன். அங்கே வந்த வெளிநாட்டுப் பத்திரிகைகளில் பார்த்ததெல்லாம் இன்னும் தலைக்குள் இருந்தது. பதிவெடுக்க வந்த சப்பான்காரர்களிடம் தோட்டக்காரன் என்று சொல்லிவிட்டான். "அவனுக்கு ஒரு கோடுகூடப் போட்டுத் தரமாட்டேன்" என்றவன், வீட்டுக்குள் ஓயாமல் கோடு போட்டான். சாயங்காலம் அவள் கழுவுவாள். காலையில் அது திரும்ப முளைத்துவிடும்.

"சுவர்மேல நடக்காத, கதவு அங்க இருக்கு" என்பான். அவளும் கிழங்குத் தட்டோடு புத்தகசாலையைச் சுற்றிக்கொண்டு கதவு வழியாகத்தான் வருவாள்.

"இம்மாம் பெரிய எடத்துல அடுப்படி எங்கங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

சிரித்துவிட்டான். மறுநாள் அடுப்படி வந்திருந்தது.

அவனிடம் சொல்லாத ஒன்று இருந்தது. பெண்கள் விடுதியின் கடைசி அறையை அவள் தனக்கென்று எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள். அவன் வெளியே போன நேரங்களில் அந்தச் சதுரத்துக்குள் காலை மடக்கி உட்கார்ந்திருப்பாள். அங்கே அவள் யாருக்கும் பெண்சாதி இல்லை. எந்தச் சத்தத்துக்கும் திடுக்கிட வேண்டியதில்லை. எழுந்ததும் சேலையில் ஒட்டிய கரியைத் தட்டிவிடுவாள்.

லோரி பக்கத்தில் வந்துவிட்டது.

வாளியைப் பிடித்த கை அசையவில்லை. நேற்று பண்டார் ஹிலிர் சந்தையில் சந்திரமதி அக்கா சொன்னது காதிலேயே நின்றது. "மம்பட்டி புடிக்கிறவனத்தாண்டி சயாமுக்கு ஏத்துறான். பென்சில் புடிக்கிறவன இங்கயே ஆபீசுல உக்கார வச்சி அரிசி குடுக்குறான். ஒம்புருசன் என்னடான்னா மம்பட்டிதான் வேணும்னு மாரோட கட்டிக்கிட்டு நிக்கிறாரு!"

சயாமுக்கு ரயில்பாதை போடப் போனவர்கள் யாரும் அவள் குடியிருக்கும் காஜா பெராங்குக்குத் திரும்பி வரவில்லை.

வாளித் தண்ணீரைப் பப்பாளி மரத்தடியில் ஊற்றினாள். முன்கதவை அகலத் திறந்து வைத்தாள்.

இரண்டு சிப்பாய்கள் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார்கள். மண் வெட்டுகிறவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வந்தார்கள். முருகன் அவர்கள் கண்ணை மறைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

பின்னால் வந்த அதிகாரி வாசலிலேயே நின்றுவிட்டான். தரையைப் பார்த்தான். குனிந்து பூட்சைக் கழற்றினான்.

கட்டடங்களுக்கு நடுவே, கூரை போட்ட நடைபாதையிலேயே நடந்தான். ஒரு சுவரையும் மிதிக்கவில்லை. பெண்கள் விடுதிக்குள் கதவு வழியாக நுழைந்து, கடைசி அறையில் நின்று, சன்னல் இருக்கும் பக்கம் திரும்பினான். அவளுக்கு உடம்பு கூசியது.

"பாகுஸ்" என்றான், நல்லாயிருக்கிறது என்று மலாயில். யார் போட்டது என்று கையால் கேட்டான்.

கமலவேணி கொல்லைப்புறத்தைக் காட்டினாள்.

கூட்டி வந்து நிறுத்தியபோது ராஜரத்தினம் முதலில் காய்ந்து கிடந்த தரையைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

அவள் தலையைக் குனியவில்லை. திட்டட்டும். ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கட்டும். சாயங்காலம் ஆபீசிலிருந்து வீட்டுக்கு வந்து, பேசாமல் இருக்கட்டும்.

அதிகாரி அவனுக்கு லேசாகத் தலைகுனிந்து மரியாதை காட்டினான். பிறகு தோளில் கைபோட்டு வெளியே அழைத்துப் போனான்.

ஆபீசுக்குப் போகிறவன் வெற்றுடம்போடா போவது? அவள் சட்டையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

லோரிக்குள் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். நில அளவை ஆபீசு மாணிக்கவாசகம். பள்ளிக்கூடத்தில் படம் போடச் சொல்லித்தரும் அலி அக்பர் மாஸ்டர். பாலங்களுக்குக் கணக்குப் போடும் சீனர் ஒருவர். எல்லாம் மூக்குக்கண்ணாடிகள், மெல்லிய விரல்கள். மம்பட்டி பிடித்துக் காய்த்த கை ஒன்றுகூட இல்லை. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு துணிமூட்டை இருந்தது.

மாணிக்கவாசகம் குனிந்து அவள் கையிலிருந்து சட்டையை வாங்கிக்கொண்டார்.

"இது மட்டும் பத்தாது தங்கச்சி. கம்பளி ஏதும் இருந்தா ஓடிப்போய் எடுத்துட்டு வாம்மா. சயாம்ல ராத்திரிக்குக் குளிருமாம்."